பதினெட்டு வயது மூப்பர்

எல்லோருக்கும் வணக்கம். மூப்பர் என்று சொன்னால் உங்கள் மனதில் எப்படிப்பட்ட ஆள் வருகிறார்? நரைத்த தலை, தடித்த கண்ணாடி, பேசுவதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரெம் என்ற ஊருக்கு வேலைக்காகக் குடிபோனேன். அங்கே, கன்னத்துப் பரு இன்னும் ஆறாத பையன்களுக்குத்தான் அந்தப் பட்டம். 'எல்டர்' என்பார்கள். சட்டையில் குத்தியிருக்கும் கறுப்புப் பெயர்ப் பட்டையில் அந்தச் சொல்லும் குடும்பப் பெயரும் வெள்ளை எழுத்தில் இருக்கும். சொந்தப் பெயருக்கு அதில் இடம் கிடையாது. பெண்கள் என்றால் 'சிஸ்டர்', நம் வழக்கில் சகோதரி.

மார்மன் மிஷனரிகள் என்று உலகம் கூப்பிடுவது இவர்களைத்தான். சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்று சொல்வதை விட்டுவிடுங்கள் என்று 2018இல் அவர்களுடைய அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். எனக்கு வாய்ப்பழக்கம் இன்னும் போகவில்லை, மன்னிக்க வேண்டும். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவனும் அல்ல. இதைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான்: பக்கத்து வீட்டுக்காரன். ஐந்து பிள்ளைகள் இருந்த வீடு அது. மூன்றாமவன் எங்கள் புல்வெளியை வெட்டிக் கொடுத்து 10 டாலர் வாங்கிப் போவான். 2016ஆம் வருடக் கோடையில் அவனுக்குத் தபாலில் ஒரு பெரிய வெள்ளை உறை வந்தது. எந்த ஊருக்கு ஊழியம் செய்யப் போக வேண்டும் என்பது அதற்குள்தான் இருக்கும்.

அந்த உறையைத் திறப்பதை நம் ஊரில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்ப்பதோடுதான் ஒப்பிட முடியும். அத்தை மாமாக்களெல்லாம் வந்துவிட்டார்கள். கூடத்துச் சுவரில் உலக வரைபடம். ஆளுக்கொரு ஊசியை எங்காவது குத்திவைத்து, பையன் எங்கே போகப்போகிறான் என்று ஊகம் சொல்ல வேண்டும். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். என் மனைவி நியூசிலாந்தில் குத்தினாள், கிரிக்கெட் ஞாபகத்தில். எங்கே போவது என்று போகிறவனால் தேர்ந்தெடுக்க முடியாது, சபைத் தலைமைதான் முடிவு செய்யும். அவனுக்கு ஜப்பான் ஆசை. வந்தது பிரேசில், ரெசிஃபே நகரம். அப்போது பையன் முகம் ஒரு கணம் வெறுமையாகிவிட்டு மறுபடி சிரித்தது. அதை அவன் அம்மா பார்த்தார், நானும் பார்த்தேன்.

இந்த ஊழியம் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். முன்பு ஆண்கள் 19 வயதிலும் பெண்கள் 21 வயதிலும்தான் போக முடியும். 2012 அக்டோபரில் அதை 18, 19 என்று குறைத்தார்கள். உடனே கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். சம்பளம் கிடையாது, மாறாகக் குடும்பம்தான் பணம் கட்ட வேண்டும். அப்போது மாதம் 400 டாலர், 2020இல் அது 500 ஆனது. பாரிஸுக்குப் போனாலும் ரெசிஃபேக்குப் போனாலும் ஒரே தொகை. பக்கத்து வீட்டம்மா அதற்காக ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்தார். 19ஆம் நூற்றாண்டில் இந்த வசதியும் இல்லை. கையில் காசில்லாமல், போகிற இடத்தில் கிடைப்பதைத் தின்று ஊழியம் செய்வதுதான் வழக்கம். அப்படி வந்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பாலன்டைன் 1853இல் நம் மதராசில் வந்து இறங்கியிருக்கிறார். அதை நான் யூட்டாவில் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

பயிற்சி நிலையம் பக்கத்து ஊரான ப்ரோவோவில். எங்கள் தெருவிலிருந்து காரில் பதினைந்து நிமிடம். அங்கே ஆறு வாரம் போர்ச்சுகீசியம் படித்தான். ஆறு வாரமும் வீட்டார் போய்ப் பார்க்கக் கூடாது. கொண்டுபோய் விட்ட அன்று வாசலில் கார் நின்றது ஐந்து நிமிடம் இருக்குமா, தெரியவில்லை. பெட்டியை இறக்கினார்கள், கட்டிக்கொண்டார்கள், முடிந்தது. பின்னால் அடுத்த கார் காத்திருந்தது. அந்தம்மா அதற்கப்புறம் கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சாலையைத் தவிர்த்துச் சுற்றிப் போவார் என்று என் மனைவி சொல்வாள்.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஒரு நல்ல விடுதியையும் பட்டாளத்தையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி. காலை ஆறரைக்கு எழ வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளியல், சாப்பாடு, வேத வாசிப்பு. பிறகு மொழிப் படிப்பு. பத்து மணி வாக்கில் தெருவில் இறங்கினால் இரவு ஒன்பதுக்குத்தான் அறை. பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். சினிமா, தொலைக்காட்சி, காதல் எதுவும் கூடாது. காபி, டீ, மது, புகை இவையெல்லாம் அந்தச் சபையாருக்கு எப்போதுமே கிடையாது. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, 'பி-டே' என்பார்கள், அதாவது ஆயத்த நாள். துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான். போன் பேசுவது அப்போது வருடத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்.

அதனால் திங்கட்கிழமை மாலையானால் அந்தம்மா வேலிக்கருகில் வந்து நிற்பார். பையன் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். ரெசிஃபேயை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம்.

அங்கே கதவைத் தட்டுவதில்லையாம். வீட்டுக்கு வெளியே இரும்புக் கதவு பூட்டியிருக்கும். அதற்கு முன்னால் நின்று கையைத் தட்ட வேண்டும். தட்டினால் உள்ளிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். வந்த முதல் வாரத்தில் ஒரு தெரு முழுக்கக் கை தட்டிக்கொண்டே போனதில், இரண்டு சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே வந்து கூடவே தட்டினார்களாம். இன்னொன்று, ரொட்டி. ரொட்டிக்கு போர்ச்சுகீசியத்தில் உள்ள சொல்லைக் கொஞ்சம் மூக்கால் சொல்ல வேண்டும். நம்மவர்கள் சாப்பிடும் பாவ் பாஜியில் இருக்கும் 'பாவ்' அதே சொல்தான். மூக்கொலி வராவிட்டால் 'கட்டை' என்று பொருளாகும், கொச்சையில் இன்னும் கீழான அர்த்தமும் உண்டு. ஒரு பாட்டியம்மாவிடம் போய், உங்கள் வீட்டில் செய்த கட்டை ரொம்ப அருமை என்று பையன் பாராட்டியிருக்கிறான். அம்மா இதை வாசிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை அவர் கணவர் வந்து வாசித்தார். ழகரத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரித்திருக்கும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

மூஞ்சியில் கதவைச் சாத்துவார்கள் என்று பயந்து போனானாம். அங்கே பிரச்சினை நேர்மாறு. எல்லோரும் உட்காரச் சொல்கிறார்கள், ஜூஸ் கொடுக்கிறார்கள். சின்னக் கோப்பையில் காபி நீட்டுகிறார்கள், அதை மறுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டாயம் வருகிறோம் என்கிறார்கள். வருவதில்லை. இவன் ஞாயிறு காலையில் வீடு வீடாகப் போய்க் கை தட்டுவான், உள்ளே டிவி சத்தம் நின்றுபோகும், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரு திங்கட்கிழமைக் கடிதத்தில் இது மட்டும்தான் இருந்தது.

ஆனால் இவையெல்லாம் வெளியே தெரிகிற கஷ்டங்கள். பையன் திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டபடி சொன்னது வேறு. நான் இன்றைக்குப் பேச வந்ததே அதைத்தான். கஷ்டம் தெருவில் இல்லை, அறையில்தான் என்றான்.

மிஷனரிகள் எப்போதும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். இயேசு சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று மாற்கு சுவிசேஷத்தில் இருக்கிறது. பாதுகாப்பும் ஒரு காரணம், ஒருவர் தவறினால் மற்றவர் கண் பார்க்கும் என்பதும் ஒரு காரணம். கூட்டாளியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். குளியலறை மட்டும் விலக்கு. ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும், கூட்டாளி மாறலாம், மாறாமலும் போகலாம். நினைத்துப் பாருங்கள். கல்யாணமான தம்பதிகூட எட்டு மணி நேரம் பிரிந்து வேலைக்குப் போய்விட்டுத்தான் சாயங்காலம் சண்டை போடுகிறார்கள்.

அவனுடைய மூன்றாவது கூட்டாளி பிரேசிலின் தெற்குப் பக்கத்துப் பையன். வார்த்தைக்கு வார்த்தை ரெசிஃபேக்காரர்களின் பேச்சைக் கிண்டல் செய்வான். சோறு வடித்த சட்டியை ஊறவைக்காமல் விட்டுவிடுவான். அடியில் பிடித்த சோற்றை மறுநாள் காலையில் இவன் கரண்டியால் சுரண்ட வேண்டும். முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் சட்டியைக் கொஞ்சம் சத்தமாகச் சுரண்டினான். மூன்றாவது வாரம் இருவரும் பேசுவதில்லை. பேசாமலே காலையில் சேர்ந்து ஜெபித்து, பேசாமலே நடந்து, இரும்புக் கதவுக்கு முன்னால் ஒன்றாகக் கை தட்டி, கதவு திறந்தவுடன் சிரித்த முகத்தோடு அன்பைப் பற்றிப் பேசுவார்கள். கதவு மூடியதும் மறுபடி மௌனம். இதைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, எங்களுக்கும்தான்.

அப்புறம் இவனுக்கு சிக்குன்குனியா வந்தது. ஜிகா, டெங்கு, சிக்குன்குனியா மூன்றும் அந்த வருடங்களில் ரெசிஃபே பக்கத்தை உலுக்கி எடுத்தன. விரல் மடங்கவில்லை, செருப்பு போட முடியவில்லை. ஒன்பது நாள் படுக்கை. ஒருவன் படுத்தால் மற்றவனும் வெளியே போக முடியாது, அதுதான் விதி. அந்த ஒன்பது நாளும் தெற்கத்திப் பையன் அந்த அறையிலேயே கிடந்தான். கஞ்சி காய்ச்சினான். இவன் சட்டைகளையும் சேர்த்து இஸ்திரி போட்டான். சட்டியை மட்டும் ஊறவைக்கவில்லை. கடைசி வரைக்கும் ஊறவைக்கவே இல்லை என்றான். அவர்கள் நண்பர்களாகிவிட்டார்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, தெரியவில்லை, ஆனால் அவன் தங்கை கல்யாணத்துக்குப் போகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்றான்.

எனக்கு இதில் ஒப்பாத விஷயங்களும் உண்டு, மறைப்பானேன். வாரக் கடைசியில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தாய், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை ஞானஸ்நானம் என்று எண்ணிக்கை அனுப்ப வேண்டும். நான் மென்பொருள் நிறுவனத்தில் வாரா வாரம் எண்ணிக்கை அனுப்பியவன். நாற்பது வயதில் எனக்கே அது வயிற்றைக் கலக்கும். அதைவிடக் கொடுமை, பாதியில் திரும்பி வருகிறவர்களின் நிலைமை. எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் ஐந்தாவது மாதத்தில் வந்துவிட்டான். மனச்சோர்வு. வந்தவனை யாரும் திட்டவில்லை, எல்லோரும் அளவுக்கு மீறி நல்லபடியாகத்தான் பேசினார்கள். அவன் சாயங்காலங்களில் வெளியே வருவதை விட்டுவிட்டான். இப்படிப்பட்டவர்கள் வீட்டிலிருந்தபடியே சேவை செய்ய இப்போது வழி வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பதினெட்டு வயதில் ஊரே கூடி வழியனுப்பிய ஒருவன் திரும்பி நடந்து வருவது லேசானதல்ல.

இந்தியாவுக்கு வந்த பிறகு, பெங்களூரில் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவரைச் சந்தித்தேன். இங்கேயும் 1993 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு மிஷன் இருக்கிறது, அதில் ஊழியம் செய்தவர். "கதவு தட்டுற வேலையே எங்களுக்கு இல்லண்ணா, சபைக்காரங்க யாரைச் சொல்றாங்களோ அவங்களத்தான் பார்ப்போம்" என்றார். ராஜமுந்திரிக்காரக் கூட்டாளியின் காரத்தைத் தாங்க முடியாமல் மோர் குடித்தே ஒரு மாதம் ஓட்டினாராம். யூட்டாப் பையனுக்கு இல்லாத ஒரு தலைவலி இவருக்கு இருந்தது. அங்கே பல்கலைக்கழகம் இரண்டு வருடம் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும், வேலைக்கு எடுப்பவர்களுக்கும் அது பழகிப்போன விஷயம். இங்கே ஒவ்வொரு இன்டர்வியூவிலும் அந்த இரண்டு வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். "உண்மையைச் சொன்னா அடுத்த கேள்வியே வர மாட்டேங்குதுண்ணா" என்றார். காபி வேண்டாம் என்று சொன்னதற்குப் பெரியம்மா வீட்டில் இன்னும் கோபமாம்.

சரி, ஒரெம் கதைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் 2018 அக்டோபரில் திரும்பினான். 2019 பிப்ரவரியில் சபை விதியை மாற்றியது: இனி வாரா வாரம் வீட்டுக்குப் போன் பேசலாம். செய்தியைப் படித்துவிட்டு அந்தம்மா வேலிக்கருகில் வந்து நின்று, "நாலு மாசம்! நாலே மாசம்!" என்று கையை விரித்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஊர் வந்து சேர்ந்த அன்று இரவே உள்ளூர் சபைத் தலைவரைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் ஊழியத்திலிருந்து விடுவித்து, கறுப்புப் பெயர்ப் பட்டையைக் கழற்றச் சொல்வார். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. முன்னொரு நாள் என் மனைவி பொங்கல் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். ஆள் கறுத்து, இளைத்துப் போயிருந்தான். சட்டைப் பையில் பட்டை குத்தியிருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். உள்ளே வா என்றேன். வாசற்படியில் ஒரு காலை வைத்தவன் நின்றுவிட்டு, திரும்பி இடது பக்கம் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பிறகு உள்ளே வந்தான்.

நன்றி, வணக்கம்.