நடக்காத விஷயத்துக்கு இன்னைக்கே செய்தி ரெடி! பேப்பர்க்காரங்க எப்படிப் பண்றாங்க?

[திரையில்: பேப்பரைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும் ட்ரூமன்]

வாயெல்லாம் பல்லா நிக்கிறாரே, இவர் ஹாரி ட்ரூமன். அமெரிக்க அதிபர் எலெக்ஷன்ல டூயிங்கிறவரை ஜெயிச்சவர். ஆனா கையில இருக்கிற பேப்பர்ல கொட்டை எழுத்துல என்ன போட்டிருக்கு? "ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி"! 1948 நவம்பர் 3 தேதி போட்ட சிகாகோ டெய்லி ட்ரிப்யூன். நெசமான கணக்கு, ட்ரூமனுக்கு 303 எலெக்டோரல் ஓட்டு (அதிபரை முடிவு பண்ற, மாநிலவாரி தேர்வாளர் ஓட்டு), டூயிக்கு 189. அந்தத் தலைப்போட சுமார் 1,50,000 பிரதி வெளியில போயிருச்சு.

வணக்கம் மக்களே! "பேப்பர்லயே போட்டிருக்கான்"னு டீக்கடையில சத்தியம் பண்ற அண்ணன்மாருக்கு இந்த வீடியோ சமர்ப்பணம்.

ட்ரிப்யூன் ஏன் மாட்டுச்சு? அச்சுக்கோக்கிறவங்க ஸ்ட்ரைக். அதனால செய்தியை டைப்ரைட்டர்ல அடிச்சு, போட்டோ எடுத்து, பிளேட் பண்ணி ஓட்டினாங்க. இந்த வேலைக்குப் பல மணி நேரம் முன்னாடியே பக்கத்தை முடிக்கணும். ஓட்டு எண்ணி முடியலை, தலைப்பு முடிஞ்சிருச்சு.

காரைக்குடிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்ம பேப்பர் மதுரையிலயோ திருச்சியிலயோ அச்சாகி, சுமார் 90 கிலோமீட்டர் வேன்ல வரணும். வெளியூர்ப் பதிப்பை 'டாக் எடிஷன்'னு சொல்வாங்க, அதோட பக்கம்தான் முதல்ல மூடும். ராத்திரி லேட்டா முடியிற மேட்ச் ரிசல்ட், மதுரையில இருக்கிற மச்சான் பேப்பர்ல இருக்கும், உங்க பேப்பர்ல இருக்காது.

சரி, முன்கூட்டியே எழுதுறதே தப்பா? இல்லவே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு தலைவர் காலமானா, அவரோட அறுபது வருஷ வாழ்க்கையை அரைமணி நேரத்துல யார் எழுதுறது?

[திரையில்: கல்யாண வீட்டுச் சமையல்கட்டு]

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். விசேஷத்துக்கு மொத நாளே மல்லி, மிளகா, சோம்பு எல்லாம் வறுத்து அரைச்சு வச்சுருவாங்க. கவுனி அரிசி ராத்திரியே ஊறும். யாரும் குத்தம் சொல்றதில்லை. ஆனா வெள்ளைப் பணியாரம்? ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி, அது மேல உளுந்தைக் கோபுரமாக் குவிச்சா அதுதான் அளவு. ரெண்டு மணி நேரம் ஊறவச்சு, வெண்ணெய் மாதிரி அரைச்சு, உப்புப் போட்டுக் கையோட ஊத்தணும். நேத்தே ஆட்டி வச்சுக்கலாம்னு நினைச்சீங்கன்னா மாவு புளிச்சு, பணியாரம் எண்ணெயைக் குடிச்சு, நிறமும் போயிரும். ஊரே சிரிக்கும். செய்தியில பிறந்த ஊர், படிப்பு, பதவி இதெல்லாம் அரைச்ச மசாலா. தலைப்பும் முதல் பத்தியும் வெள்ளைப் பணியாரம். அதை முந்தின நாள் ஆட்டவே கூடாது!

பக்குவம் என்னன்னா, 'வயது 87'னு எழுதி வைக்காதீங்க, பிறந்த தேதியைக் குறிங்க. இல்லாட்டி மூணு வருஷம் கழிச்சும் 87-தான் அச்சாகும். "மனைவியும் இரு மகன்களும் உள்ளனர்"ங்கிற வரி ரொம்ப ஆபத்து, இடையில அந்த அம்மாவே போயிருக்கலாம். தெரியாத இடத்துல கண்ணை உறுத்துற மாதிரி பெரிய புள்ளிக்கோடு போடுங்க. வெற்றிக்கு ஒண்ணு, தோல்விக்கு ஒண்ணுன்னு எழுதினா ரெண்டையும் தனித்தனி ஃபைல்ல வைங்க. முக்கியமா, 'வெளியிடு' பட்டன் இருக்கிற இடத்துல வைக்காதீங்க. 2008 ஆகஸ்ட்ல புளூம்பெர்க்ங்கிற செய்தி நிறுவனம், ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸோட இரங்கல் செய்தியைத் தவறுதலா அனுப்பிருச்சு. மனுஷன் உயிரோட இருந்தார், 2011-லதான் காலமானார். 2020 நவம்பர்ல ஆர்.எஃப்.ஐ.ங்கிற பிரெஞ்சு வானொலி, இணையதளத்தைப் புது சிஸ்டத்துக்கு மாத்தும்போது சுமார் 100 பேரைக் கொன்னுருச்சு. எலிசபெத் ராணி, பெலே எல்லாரும் அந்த லிஸ்ட்ல!

இதெல்லாம் கை தவறினது, மன்னிச்சிரலாம். மன்னிக்க முடியாதது அடுத்தது. 2011 அக்டோபர் 3, இத்தாலியில கொலை வழக்குல மாட்டின அமெரிக்க மாணவி அமாண்டா நாக்ஸோட மேல்முறையீட்டுத் தீர்ப்பு. அவதூறு வழக்குல குற்றவாளின்னு நீதிபதி முதல்ல படிச்சார். அதைக் கொலை வழக்குன்னு நினைச்சு, டெய்லி மெயில்ங்கிற பிரிட்டிஷ் பேப்பரோட இணையதளம் 'குற்றவாளி' பதிப்பைத் தட்டிவிட்டுச்சு. கொலை வழக்குல அவர் விடுதலை! செய்தி இருந்தது ஒண்ணரை நிமிஷம்தான். ஆனா உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? அவர் நாற்காலியில சரிஞ்சு அழுதாராம், அரசுத் தரப்பு 'நீதி கிடைச்சது'ன்னு சொல்லுச்சாம். நடக்காத அழுகைக்கு வர்ணனை! அங்க புள்ளிக்கோடு போட்டிருந்தா மானம் தப்பிச்சிருக்கும்.

நம்ம பக்கமும் இது உண்டு, சின்ன அளவுல. விழா அழைப்பிதழைப் பார்த்தே "கலந்துகொண்டனர்"னு பத்துப் பேரைப் போடுறது. அதுல ரெண்டு பேர் வந்திருக்கவே மாட்டாங்க. தேரோட்டத்துக்கு "ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்தனர்"னு மொத நாளே அடிச்சு வைக்கிறது. கண்டதேவித் தேர் வருஷக்கணக்கா நின்னு, கோர்ட் வரைக்கும் போய், 2024 ஜூன்லதான் ஓடுச்சு. தேர் நிலைக்கு வந்தபிறகு செய்தியை அனுப்புங்கண்ணே.

உறுதி பண்றது யாருங்கிறதும் முக்கியம். 1979 மார்ச்சுல ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துட்டார்னு நாடாளுமன்றத்துலயே அறிவிச்சாங்க, பிரதமர் மொரார்ஜி தேசாயே இரங்கல் சொன்னார். ஜே.பி. மும்பை ஆஸ்பத்திரியில உயிரோட இருந்தார், காலமானது அக்டோபர்ல. 2016 டிசம்பர் 5 சாயங்காலம் ஜெயலலிதா இறந்துட்டார்னு சில தமிழ் சேனல் சொன்னதைப் பார்த்து, அ.தி.மு.க. ஆபீஸ்ல கொடியை இறக்கித் திரும்ப ஏத்தினதும் ஞாபகம் இருக்கும்.

கடைசியா, எனக்கு ரொம்பப் பிடிச்சது. நடிகை எலிசபெத் டெய்லர் 2011-ல இறந்தப்போ நியூயார்க் டைம்ஸ் போட்ட இரங்கல் கட்டுரையை எழுதின மெல் கஸ்ஸோ, 2005-லயே காலமாகிட்டார். மசாலா அவ்வளவு பக்குவமா இருந்திருக்கு, அவர் பேரோடயே போட்டாங்க.

உளுந்து அளவுல சண்டை போடணும்னா கமெண்ட் பாக்ஸ் திறந்திருக்கு, ஆச்சிமார்களே.