சொல்தா

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பாவில் முடியாட்சியும் தேசமும் போரும் வளர்ந்த கதையைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷக் கதைக்கு ஒரு மணி நேரம். அதனால் மற்ற நாடுகளை விட்டுவிட்டு, புதுச்சேரிக்காரர்களுக்குப் பழகிய பிரான்சை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதையும் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சொல்லப் பார்க்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருக்கோடியில் ஒருவர் இருந்தார். ஊரே அவரைச் சொல்தா என்றுதான் அழைக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இந்தோசீனா வரை போய் வந்தவர், பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கியவர். சொல்தா என்றால் பிரெஞ்சில் படைவீரன். அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் வீரமும் இல்லை, வாளும் இல்லை. ஒரு காசுதான் இருக்கிறது. ரோமானியரின் சொலிடஸ் என்ற பொற்காசு. காசு வாங்கிக்கொண்டு சண்டை போடுகிறவன் சொல்தா. இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான்: அரசர்கள் நாட்டை உருவாக்கிப் படை வைக்கவில்லை, படைக்குச் சம்பளம் கொடுக்கப் போய்த்தான் நாடு உருவானது.

987-இல் ஹியூ கப்பே பிரான்சின் அரசரானார். அரசர் என்று பெயர்தான். அவர் சொல் செல்லுபடியானது பாரிசிலும் ஓர்லேயானிலும், அவற்றைச் சுற்றிய கொஞ்ச நிலத்திலும். நார்மண்டிக் கோமகன் அவருக்குக் கட்டுப்பட்டவர் என்று ஏட்டில் இருந்தது. அந்த நார்மண்டிக் கோமகன்களில் ஒருவர்தான் 1066-இல் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்துக்கே அரசரானார். இப்படிப்பட்ட பிரபுக்களை நம்பித்தான் பிரெஞ்சு அரசர் போருக்குப் போக வேண்டும். நம் ஊரில் செஞ்சோற்றுக்கடன் என்கிறோமே, அங்கே சோற்றுக்குப் பதில் நிலம். நிலம் வாங்கியவன் வந்து சண்டை போட வேண்டும். ஆனால் கர்ணன் மாதிரி உயிர் போகும்வரை அல்ல. வழக்கமாக வருஷத்துக்கு 40 நாள். 41-ஆம் நாள், கோட்டை விழுந்ததோ இல்லையோ, “வருகிறேன் பிரபு” என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடலாம்.

இந்த ஏற்பாட்டை உடைத்தது இங்கிலாந்துடன் நடந்த நூற்றாண்டுப் போர். பெயர்தான் நூறு; 1337 முதல் 1453 வரை, விட்டு விட்டு 116 வருஷம். 1356-இல் புவாத்தியே போர்க்களத்தில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜான் உயிரோடு பிடிபட்டார். லண்டனுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். மீட்புத்தொகை 30 லட்சம் பொற்காசு. முதல் தவணையில் கொஞ்சம் கட்டி, பிள்ளைகளையும் பிரபுக்களையும் பிணையாகக் கொடுத்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். 1360-இல் ஒரு புதுத் தங்கக் காசு அடித்தார்கள். கவசம் பூண்டு, வாளை ஓங்கிக்கொண்டு, குதிரையில் பாயும் அரசர் அதில் இருக்கிறார். போரில் தோற்றுப் பிடிபட்ட மனிதருக்கு இப்படி ஒரு படம்! அந்தக் காசின் பெயர் ஃபிராங்க். விடுபட்டவன் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு.

ஜானின் கதை இதோடு முடியவில்லை. பிணையாக இருந்த மகன் ஒருவன் தப்பி ஓடிவந்துவிட்டான். கொடுத்த வாக்கு போயிற்றே என்று அரசர் தானாகவே லண்டனுக்குத் திரும்பிப் போய் 1364-இல் அங்கேயே இறந்தார். மானஸ்தர்தான். ஆனால் அந்த மானத்துக்கு விலை கொடுத்தது யார்? மீட்புத்தொகைக்காக விதித்த வரிகளில் உப்பு வரியும் ஒன்று. அரசர் போனார், உப்பு வரி போகவில்லை. நானூறு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்துகொண்டது.

உப்பு வரி என்றால் வேதாரண்யம் நமக்கு நினைவுக்கு வரும். பிரான்சில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நாட்டின் பெரும்பகுதியில், வேண்டுமோ வேண்டாமோ, ஆளுக்கு இத்தனை உப்பு என்று அரசாங்கக் கிடங்கில் வாங்கியே ஆக வேண்டும். அதைச் சமையலுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். பன்றி இறைச்சியை உப்புக்கண்டம் போட வேண்டுமென்றால் தனியாக வாங்கு! பிரெத்தாஞ் மாகாணத்துக்கு இந்த வரி கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் உப்பு மலிவு, இந்தப் பக்கம் பல மடங்கு விலை. பெண்கள் பாவாடைக்குள் கட்டிக்கொண்டு வந்தார்கள். நாய்களைப் பழக்கி, உடம்பில் உப்பு மூட்டையைக் கட்டி, இருட்டில் அவிழ்த்துவிட்டார்கள்.

போருக்கு வருவோம். சம்பளப் படையில் ஒரு சிக்கல் உண்டு: சம்பளம் நின்றால் அவன் வீட்டுக்குப் போக மாட்டான், பக்கத்துக் கிராமத்துக்குப் போவான். 1430-களில் அப்படித் திரிந்த கூட்டங்களுக்கு மக்கள் வைத்த பெயர் ‘தோலுரிப்பவர்கள்’. போரைவிடச் சமாதானம் பயங்கரமாக இருந்தது. ஏழாம் சார்ல்ஸ் 1439-இல் ஒரு கட்டளை போட்டார்: இனிப் படை திரட்டும் உரிமை அரசருக்கு மட்டுமே. 1445-இல் 15 கம்பெனிகள், அதாவது நிரந்தரப் படைப்பிரிவுகள். கம்பெனிக்கு 100 ஈட்டிக் குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் கவசவீரன், வில்லாளிகள், ஏவலர் என்று 6 பேர். பெருக்கிப் பாருங்கள், 9,000 பேர். போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம். அதற்காக ‘தாய்’ என்ற வரியை வருஷாவருஷம் வசூலித்தார்கள். நம் தாய் அல்ல. அந்தச் சொல்லுக்கு வெட்டு என்று பொருள். பிரபுக்கள் இதற்கு ஏன் வாய் திறக்கவில்லை? அவர்களுக்கு அந்த வரி கிடையாது. பாதிரிமார்களுக்கும் கிடையாது. வாயை அடைக்கக் கொடுத்த விலை அது. ராஜ்யத்தை முடித்த நஞ்சும் அதுதான் என்பது என் கணக்கு.

ஓர்லேயானை மீட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் கணக்குப்பிள்ளைகள் பக்கம். ஷான் பியூரோ என்று ஒருவர். பாரிசில் வரிப்பணம் பார்த்தவர், பிறகு அரசின் பொருளாளர். அவரும் தம்பி காஸ்பாரும் பீரங்கிப்படையைக் கட்டினார்கள். 1453 ஜூலை 17, காஸ்தியோன். ஆங்கிலேயத் தளபதி டால்பட் பழுத்த கிழவர், பேர்பெற்ற வீரர். பிரெஞ்சு முகாமில் புழுதி கிளம்புகிறது என்று சேதி வருகிறது. ஓடுகிறார்கள், விடாதே என்று பாய்ந்தார். புழுதி கிளப்பியது முகாமிலிருந்து வெளியே அனுப்பிய குதிரைகள். பீரங்கிகள் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. டால்பட் அங்கேயே விழுந்தார். நூற்றாண்டுப் போரை முடித்துவைத்தவர் ஒரு கணக்குப்பிள்ளை.

அதன்பிறகு கல்கோட்டையை நம்பி எந்தப் பிரபுவும் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. பீரங்கி வார்க்க வெண்கலம் வேண்டும், இழுக்கக் குதிரை வேண்டும். அவ்வளவு பணம் அரசரிடம்தான் இருந்தது. பதினான்காம் லூயி காலத்தில் படை 3 லட்சத்தைத் தாண்டியது. வெர்சாயின் கண்ணாடி மண்டபத்தை எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள். நாட்டின் பணம் போனது அங்கே அல்ல, பட்டாளத்துக்கு.

பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து ஊர் பார்த்திருக்கிறது. 1759-இல் வந்தவாசியில் இருந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் சம்பளப் பாக்கிக்காகக் கலகம் செய்தார்கள். 1760 ஜனவரியில் அதே வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் தோற்றார். மறுவருஷம் புதுச்சேரி விழுந்தது. பாரிசுக்குத் திரும்பிய லாலியின் தலையை 1766-இல் வெட்டினார்கள். கஜானா காலியாக இருந்ததற்குத் தளபதியின் தலை.

அமெரிக்கப் போருக்குக் கொட்டிய பணமும் சேர்ந்து கடன் கழுத்தை நெரித்தபோது, வரிவிலக்குப் பெற்றவர்கள் கொடுக்க மறுத்தார்கள். பாதிரிமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் கூடும், 1614-க்குப் பிறகு கூட்டாத சபையை 1789-இல் அரசர் கூட்ட வேண்டியதாயிற்று. அதிலிருந்து வெடித்ததுதான் பிரெஞ்சுப் புரட்சி; மற்றது நீங்கள் அறிந்தது. 1790-இல் உப்பு வரி ஒழிந்தது. 1793 ஜனவரியில் அரசர் தலை போனது. அதே ஆகஸ்டில் ஓர் ஆணை: இளைஞர் போருக்குப் போகட்டும், மணமானவர்கள் ஆயுதம் செய்யட்டும், பெண்கள் கூடாரம் தைக்கட்டும், சிறுவர்கள் பழந்துணியைக் காயத்துக்குப் பஞ்சாகப் பிரிக்கட்டும், கிழவர்கள் நாற்சந்திக்கு வந்து வீரரை உற்சாகப்படுத்தட்டும். எந்த அரசரும் இப்படிக் கேட்கத் துணிந்ததில்லை. தேசம் என்ற பெயரில் கேட்க முடிந்தது. சொல்தாவின் பிழைப்பு எல்லோருக்கும் கடமையாகிவிட்டது.

எங்கள் தெரு சொல்தாவிடம் ஒரு ஃபிராங்க் காசு இருந்தது. ஜான் அரசரின் காசுக்குப் பேரனுக்குப் பேரன் என்று சொல்லலாம். குதிரை இல்லை, வாள் இல்லை. வெயிலில் கை வீசி நடக்கும் ஒரு பெண், பக்கத்தில் ஒரு பை. “உப்பு விக்கிறவளா தாத்தா?” என்று ஒருநாள் கேட்டேன். அவர் காசை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இல்லடா, விதைக்கிறவ.”