மண்ணுக்குள்ள போன விமானம்

(சூலூர் பக்கத்து ஊர் நூலகம் ஒன்றின் வாசகர் கூட்டத்தில் பேசியது)

பெரியவங்களுக்கும் கண்ணுகளுக்கும் வணக்கமுங்க.

நான் 30 வருசமா போர்வெல்லுக்குப் பாயிண்ட் பார்க்கிறவன். தண்ணி பார்க்கிற கருவிப் பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி, அந்தத் தோட்டத்துலயே வயசான ஆளைத் தேடிப் போய், "பழைய கிணறு எங்கீங்க இருந்துச்சு?"ன்னு கேட்டுக்குவேன். இங்கிலாந்துல உலகப்போர் விமானங்களைத் தோண்டி எடுக்கறவங்களும் அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க. "சின்ன வயசுல எந்தக் காட்டுலங்க விமானம் விழுந்ததைப் பார்த்தீங்க?" அதுதான் முதல் கேள்வி.

1940-ல அந்த ஊர் வானத்துல அடிபட்ட விமானங்கள் பல தலைகுப்புறப் பாய்ஞ்சு விழுந்துச்சு. இறக்கையும் வாலும் மேலயே சிதறிரும். அதை அப்பவே லாரியில அள்ளிக்குவாங்க. பிரிட்டிஷ் சண்டை விமானத்து மூக்குல இருக்கிற மெர்லின்ங்கிற எஞ்சின் அரை டன்னுக்கு மேல கனமுங்க. ஈரக் களிமண்ணா இருந்தா பல அடி ஆழத்துக்கு இறங்கிரும். குழியை மூடி, மறுபடியும் உழுதுருவாங்க. நம்ம பாறைக்காட்டுல அப்படி நடக்காது, மோதின இடத்துலயே நொறுங்கிரும். களிக்குள்ள காத்துப் போகாததால தோலும் காகிதமும்கூட 50, 60 வருசம் மக்காமக் கிடந்திருக்கு. தோண்டத் தோண்ட மண்ணு நீலம் பாரிச்சு, பெட்ரோல் வாசம் அடிக்குமாம்.

தேடறதுக்கு, மண்ணுக்குள்ள இருக்கிற இரும்பைக் காட்டற காந்தமானி வெச்சிருக்காங்க. விமானத்து உடம்பு பெரும்பாலும் அலுமினியம், காந்தத்துக்குச் சிக்காது. எஞ்சினுக்குள்ள இருக்கிற கிராங்க் சாஃப்ட், துப்பாக்கி, விமானி முதுகுக்குப் பின்னால இருக்கிற கவசத் தகடு, இதெல்லாந்தான் காட்டிக் கொடுக்கும். ஆனா இரும்புன்னா எல்லாமே விமானமாயிருமா? பர்மாவுல புத்தம்புது ஸ்பிட்ஃபயர்ங்கிற பிரிட்டிஷ் சண்டை விமானங்களைப் பெட்டியோட புதைச்சிருக்காங்கன்னு நம்பி, 2013-ல ரங்கூன் மிங்கலடோன் விமானத்தளத்துல தோண்டினாங்க. வந்தது மின்சார கேபிளும் குழாயுந்தான். அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராதுங்க. பல்லடம் பக்கம் நான் குறிச்சுக் கொடுத்த இடத்துல 800 அடி ஓட்டியும் வெறும் புழுதிதான் பறந்துச்சு. கடன் வாங்கி ஓட்டின அந்த அம்மிணி நின்ன நிலை இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்குது.

எனக்கு மனசைப் பிடிச்சது நெதர்லாந்து சங்கதி. மார்க்கர்மேர்ங்கிற ஏரியில 2008-ல ஒரு படகோட நங்கூரத்துல விமானத் துண்டு ஒண்ணு மாட்டி வந்துச்சு. 1943 மார்ச்சுல 7 பேரோட காணாமப் போன ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானம். முதல்ல அதை வேற ஒரு விமானம்னே நினைச்சிருந்தாங்க. பெயர் எழுத்துப் பொறிச்ச ஒரு சிகரெட் டப்பா கிடைச்சதும்தான் உள்ளே இருந்தவங்க ஆருன்னு திருத்திக்கிட்டாங்க. 2020-ல ஏரியில தடுப்புக் கட்டி, தண்ணியை இறைச்சு, சேத்தைச் சலிச்சுச் சலிச்சு எடுத்தாங்க. இத்தனை செலவு அந்தத் தகரத்துக்காக இல்லீங்க. வீடு திரும்பாத 7 பிள்ளைகளுக்காக. பிரிட்டன்ல 1986-லயே சட்டம் போட்டுட்டாங்க. உரிமம் இல்லாம ராணுவ விமானத்து மேல கை வைக்க முடியாது. உள்ளே உடல் இருக்கும்னு தெரிஞ்சா உரிமம் கிடைக்கறதே கஷ்டம். நியாயமான சட்டம்னு நான் சொல்வேன்.

நம்ம நாட்டுலயும் உண்டு. 1944 ஜனவரியில 8 பேரோட சீனாவுல இருந்து அசாமுக்குத் திரும்பின அமெரிக்க விமானம் அருணாசல மலையில விழுந்துச்சு. அது கண்ணுல பட்டது 2006-ல.

போர்க்காலத்துல பிரிட்டிஷ் கடற்படை நம்ம சூலூர்லயும் கோயமுத்தூர்லயும் விமானத்தளம் வெச்சிருந்தது. கோயமுத்தூர்த் தளத்துக்கு கருடான்னு பேரு, விமானம் பழுது பார்க்கிற பட்டறை அங்க இருந்துச்சு. அன்னைக்கு 10 வயசுல மாடு மேய்ச்சவங்களுக்கு இப்ப 90 தாண்டிருச்சு. இன்னைக்கு ராத்திரி சோறு போடறப்பவே அப்பாரு கிட்ட, அம்மாயி கிட்டக் கேளுங்க. எந்தக் காட்டுல என்ன பார்த்தீங்க, ஆரு கூட இருந்தாங்க. அவங்க சொன்ன சொல்லாவே எழுதுங்க. அதுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கியாந்திருக்கேன். நூலகர் அம்மா மேசை மேலயே இருக்குமுங்க.