மோர்பின் கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவாரா? மிஸ்ஸிமாரே தடுமாறும் கேள்வி!

வணக்கம் மக்களே! உடனே ஒரு பதில் சொல்லுங்கள். புற்றுநோய் வலிக்கு நீண்ட நாள் மோர்பின் கொடுத்தால் நோயாளி அடிமையாவது பெரிய பிரச்சினை. சரியா, பிழையா?

விடை: பிழை. "சரி" என்று சொன்னீர்களா? வெட்கப்படாதீர்கள், இது தாதியருக்கென்றே, அதாவது நம்ம மிஸ்ஸிமாருக்கென்றே, நோய்த்தணிப்புப் பராமரிப்பைப் பற்றி (கடும் நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கிற பராமரிப்பு, இங்கிலீஷில் palliative care) 1996இல் கனடாவில் வெளியான வினாத்தாளில் இருக்கிற கேள்வி. பல நாடுகளில் வார்டிலே வேலை செய்கிறவர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 20 கேள்வி. "ஆண்கள் துக்கத்திலிருந்து பெண்களைவிடச் சீக்கிரம் மீள்வார்கள்" என்றுகூட ஒன்று இருக்கிறது. அதுவும் பிழைதான், மனைவி போன பிறகு இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருக்கிற தாத்தாமாரைப் பார்த்த நமக்கு வினாத்தாளே தேவையில்லை.

வரலாறு அரை நிமிடம்: சிசிலி சாண்டர்ஸ், முதலில் நர்ஸ், பிறகு டாக்டர், 1967இல் லண்டனில் இந்தப் பராமரிப்புக்கென்றே ஹொஸ்பிஸ் என்கிற இல்லம் திறந்தார். அவ்வளவுதான், வாங்க.

இப்போது மோர்பின். அளவு பார்த்துக் கொடுத்தால் அது ஆளைச் சீக்கிரம் கொண்டுபோவதில்லை. தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாளில் குறைந்துவிடும், ஆனால் மலச்சிக்கல் மட்டும் விடாது, அதனால் மோர்பின் தொடங்கும்போதே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இதைத் தெரிந்த நர்ஸ் இருக்கிற வார்டில் நோயாளி "இந்த மருந்தே வேணாம்" என்று மாத்திரையைத் துப்ப மாட்டார். அப்புறம், சாதாரண மோர்பின் 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. வலி வரட்டும் என்று காத்திருப்பது, மழை கொட்டும்போது லயத்துக் கூரைத் தகரத்தை அடைக்க ஏறுகிற மாதிரி.

எனக்கு மிகவும் பிடித்தது வலியை அளக்கிற முறை. மலையகத்தில் மிஸ்ஸி சிங்களம், படுத்திருக்கிற பாட்டி தமிழ், அதற்கு மேல் நம் ஆட்கள் எவ்வளவு வலித்தாலும் "ஒண்ணுமில்ல மிஸ்ஸி" என்றுதான் சொல்வார்கள். சத்தம் போடாதவருக்கு வலி இல்லை என்று நினைப்பதுதான் ஆபத்தான மனப்பான்மை. வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10, விரலைக் காட்டச் சொல்லுங்கள். பாட்டி எட்டு விரல் காட்டினால் அதற்கு எந்த மொழியும் வேண்டாம், அந்த எட்டை நம்பினால் போதும்!

"கடைசி நாட்களுக்குத்தானே இந்த நோய்த்தணிப்புப் பராமரிப்பெல்லாம்?" இல்லை. 2010இல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்று உள்ள 151 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பும் சேர்த்துக் கிடைத்தவர்கள் அதன்பிறகு வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதைவிடக் கூட, பாதிப் பேர் குறைய) 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று எல்லாம் சேர்ந்திருக்கிற நம் தோட்டங்களில், மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் கண்டிக்கும் கிளினிக் போய்வந்து களைத்தவருக்கு, இந்த அறிவு தோட்ட ஆஸ்பத்திரி மிஸ்ஸியிடமே இருக்க வேண்டும் என்பேன் நான்.

மிஸ்ஸிமார் யாராவது பார்க்கிறீர்களா? பயிற்சியில் மோர்பினைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். திட்ட நினைத்தாலும் லைக் போட்டுவிட்டுத் திட்டுங்கள்.