பத்தாம் நாள் நாற்றமும் கதைதான்

(சுற்றுச்சூழல் கதைசொல்லல் பயிலரங்கில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே, கதை எழுதும் ஆர்வத்தோடு வந்திருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு கதை எழுதி வாருங்கள் என்று மாணவர்களிடம் சொன்னால் எப்படிப்பட்ட கதைகள் வரும் என்பது, அவற்றைப் படித்துப் பழகிய நம் எல்லோருக்கும் தெரியும். வெட்டப்படும் மரம் கண்ணீர் விட்டுப் பேசும். ஆறு தன் வரலாறு கூறும். பூமித்தாய்க்குக் காய்ச்சல் வரும். கடைசிப் பத்தியில் ஒரு சிறுவன் மனம் திருந்தி ஒரு மரக்கன்று நடுவான், உடனே மழை கொட்டும். இவற்றை எழுதும் பிள்ளைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. இப்படி எழுதினால்தான் பரிசு கிடைக்கும் என்பதை அவர்கள் எங்கிருந்தோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த 'எங்கிருந்தோ' என்பது பெரும்பாலும் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

இந்தக் கதைகளில் எனக்குள்ள மனக்குறை ஒன்றே ஒன்று. அவை எல்லாம் தீர்வு வந்ததும் முடிந்துவிடுகின்றன. கன்று நட்டாயிற்று, சுபம். அந்தக் கன்றுக்கு மறுநாள் தண்ணீர் ஊற்றியது யார், வேலி கட்டியது யார், பள்ளி விடுமுறையில் அது என்னவாயிற்று என்று எந்தக் கதையும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், கதை அங்கேதான் தொடங்க வேண்டும். பிரச்சினையைப் பற்றிய கதை உலகில் ஏராளமாக இருக்கிறது. ஒரு சிறிய தீர்வை அன்றாட வாழ்க்கையில் நடைமுறைப்படுத்தப் போனால் என்னவெல்லாம் நேரும் என்ற கதைதான் பஞ்சமாக இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஒரு பள்ளியில் மக்கும் குப்பையை உரமாக்க ஒரு தொட்டி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எல்லோருக்கும் உற்சாகம். பழத்தோலும் மிச்சமான உணவும் தொட்டிக்குப் போகின்றன, படம் எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கமான கதை இத்துடன் முடியும். ஆனால் பத்தாம் நாள் வாக்கில் தொட்டி நாறத் தொடங்குகிறது. பக்கத்து வகுப்பறையில் சன்னலைச் சாத்துகிறார்கள். ஈ மொய்க்கிறது, தொட்டியின் அடியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கசிகிறது, 'இதை முதலில் தூக்கிப் போடுங்கள்' என்று ஒருவர் சத்தம் போடுகிறார். இப்போது அந்த மாணவர்கள் என்ன செய்வார்கள்? காரணத்தைத் தேடுவார்கள். ஈரமான கழிவு மட்டுமே நெருக்கமாக அடைந்து கிடப்பதால் உள்ளே காற்று புகவில்லை. காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிரிகள்தான் இந்த நாற்றத்தை உண்டாக்குகின்றன. உலர்ந்த இலைச்சருகு, கிழித்த அட்டைப்பெட்டி, மரத்தூள் போன்றவற்றைக் கலந்தால் ஈரம் குறையும், இடையில் காற்றும் நுழையும். நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 25 அல்லது 30 பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவில் அமையும். கிளறிவிட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. கிளறுவது யார் என்பதில் சண்டை வருகிறது. முறை வைத்துக்கொள்கிறார்கள், அந்த முறையையும் இருவர் ஏமாற்றுகிறார்கள். பிறகு ஒருநாள் காலையில் குவியலைக் கிளறும்போது உள்ளிருந்து ஆவி எழுகிறது. போதிய அளவுள்ள குவியல் ஒன்று சரியாக மக்கும்போது அதன் நடுப்பகுதி 55, 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கலாம். அதில் செருகிய இரும்புக் கம்பியை வெளியே எடுத்துத் தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்ட மாணவிக்கு அது வேறு விதமாகத் தெரியும். நான் படிக்க விரும்புவது அவள் எழுதும் கதையைத்தான்.

இந்தத் தொட்டியின் கதை சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணானதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது; நுகர்வோருக்குக் கிடைக்கும் உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அது, அதிலும் பெரும்பகுதி வீடுகளிலிருந்து வருவது. குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேனை வெளிவிடுகிறது. எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைக் கூட்டக்கூடியது. பள்ளித் தொட்டியில் பத்தாம் நாள் எழுந்த நாற்றத்துக்கும் நகரத்துக் குப்பைமேட்டில் உருவாகும் மீத்தேனுக்கும் காரணம் ஒன்றே, காற்றில்லாமை. தன் மூக்கால் அறிந்ததிலிருந்து உலகக் கணக்குக்குப் போகும் இந்த வழி, உலகக் கணக்கைத் தலைகீழாக ஒப்பிப்பதைவிட எவ்வளவோ மேல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது கதைக்கும் பொருந்தும்.

அடுத்து, எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுதுளி பெருவெள்ளம் என்று எழுதாத மாணவர் இல்லை. ஆனால் அந்தத் துளியை அளந்து பார்த்தவர் எத்தனை பேர்? ஒழுகும் குழாயின் கீழே அளவுக் குவளை ஒன்றைப் பத்து நிமிடம் வையுங்கள். 150 மில்லிலிட்டர் சேர்ந்தால், ஒரு நாளைக்கு 144 பத்து நிமிடங்கள், ஆக 21 லிட்டருக்கும் மேல். இதற்குக் காரணம் பெரும்பாலும் குழாய்க்குள் தேய்ந்துபோன ஒரு ரப்பர் வாஷர். இனி அந்த வாஷரை மாற்ற யாரிடம் சொல்ல வேண்டும், அவர் யாரைக் கைகாட்டுகிறார், விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்று பின்தொடர்ந்து போனால், துப்பறியும் கதைக்குரிய எல்லாம் அதில் உண்டு.

அளக்கும் பழக்கம் வந்துவிட்டால் எது பெரிது எது சிறிது என்ற விவேகமும் வரும். செல்பேசி சார்ஜரைப் பிடுங்கி வைத்து உலகைக் காப்பாற்றும் கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். 2,000 வாட் வெந்நீர்க் கருவி அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு யூனிட்டில் ஒரு செல்பேசியை ஐம்பது அறுபது முறை முழுமையாகச் சார்ஜ் செய்துவிடலாம். சார்ஜரைப் பிடுங்குவது நல்ல பழக்கம்தான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கதாநாயகன் ஆகும் தகுதி வெந்நீர்க் கருவிக்குத்தான் இருக்கிறது.

ஓர் எண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2011-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், பானம் குடிக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராக்கள் வீணாவதைப் பற்றி யோசித்து, அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசி, அந்நாட்டில் ஒரு நாளைக்கு 50 கோடி ஸ்ட்ராக்கள் பயன்படுத்தப்படுவதாக ஒரு மதிப்பீட்டுக்கு வந்தான். அந்த எண் செய்தித்தாள்களிலும் அரசு ஆவணங்களிலும் இடம்பிடித்தது. சந்தை ஆய்வு நிறுவனங்கள் பின்னர் கூறிய எண்கள் அதைவிடக் குறைவு. இதைக் கேட்டுச் சிலர் அந்தச் சிறுவனைக் கேலி செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தொலைபேசியை எடுத்தானே, அதைத்தான் நாம் கற்றுத்தர வேண்டும். தவறு, அதைச் சரிபார்க்காமல் எடுத்துப் போட்ட பெரியவர்களுடையது. 2015-இல் கடலாமை ஒன்றின் மூக்கிலிருந்து ஸ்ட்ராவை இழுத்தெடுக்கும் காணொளி உலகெங்கும் பரவிய பிறகு ஸ்ட்ராவுக்கு எதிரான இயக்கம் வலுத்தது. கடலில் சேரும் மொத்த பிளாஸ்டிக்கில் ஸ்ட்ராக்களின் பங்கு மிகச் சிறியது என்பதும் உண்மை. கதை மனத்தை அசைக்கும். எந்தப் பக்கம் அசைக்கிறது என்பதை எழுதுபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே மாணவர்களே, ஓர் எண்ணைக் கதையில் வைத்தால், அது எப்படிக் கிடைத்தது என்பதையும் கதைக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

தீர்வுக்கும் ஒரு விலை உண்டு. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் பருத்திப் பை ஒன்று, பருவநிலைப் பாதிப்பை மட்டும் வைத்துப் பார்த்தாலே, மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மேலானதாக ஆவதற்குச் சுமார் 50 முறை பயன்பட வேண்டும். மற்றப் பாதிப்புகளையும் சேர்த்தால் அது 7,000 முறையைத் தாண்டுகிறது. தெருவிலும் கடலிலும் சிதறும் பிளாஸ்டிக்கின் தீங்கை அந்தக் கணக்கு சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதன் பொருள் துணிப்பை தீமை என்பதல்ல. விழாவுக்கு விழா புதுத் துணிப்பை வழங்குவது தீர்வாகாது என்பதே. ஒரே பை, கிழிந்தால் தைத்து, கறை படிந்தால் துவைத்து, கைப்பிடி மாற்றி, ஆண்டுக்கணக்கில் உழைப்பதை எழுதினால் அது கதை.

இனி மனிதர்களுக்கு வருவோம். மாணவர் கதைகளில் பெரியவர்கள் பெரும்பாலும் பேராசைக்காரர்களாகவோ, பிள்ளை சொன்னதும் 'என் கண்ணைத் திறந்துவிட்டாய்' என்று அழுபவர்களாகவோ வருகிறார்கள். வாழ்க்கையில் இரண்டும் அரிது. அமெரிக்காவின் வட கரோலினா கடலோரப் பகுதியில் நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் படித்தபோது அவர்களுடைய பெற்றோரின் அக்கறையும் கூடியதைக் கண்டறிந்தது. இதில் ஈடுபாடு குறைவாக இருந்த பெற்றோரிடம் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. நான் அதில் கவனித்தது வேறொன்று. அந்தப் பாடத்திட்டத்தில் பிள்ளைகள் பெற்றோரைப் பேட்டி காண வேண்டியிருந்தது. அதாவது அறிவுரை சொல்லவில்லை, கேள்வி கேட்டார்கள். குழாயைத் திறந்து வைத்துப் பல் துலக்கும் தாத்தாவைத் திட்டும் கதையைவிட, 'தாத்தா, உங்கள் சிறுவயதில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?' என்று கேட்கும் கதையில் பேச்சு தொடர இடம் இருக்கிறது.

பயமுறுத்தும் கதைகளைப் பற்றி ஒரு சொல். பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள பத்தாயிரம் பேரிடம் எடுத்து 2021-இல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் பருவநிலை மாற்றத்தைக் குறித்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளையிடம் உலகம் அழியும் கதையை இன்னொரு முறை கேட்டு வாங்குவது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அதற்காகப் பொய்யான மங்கள முடிவும் வேண்டாம்.

ஒரு நியாயமான கேள்வி எழும். குழாயும் தொட்டியும் பையும் சரிசெய்தால் போதுமா, தொழிற்சாலைகளும் அரசுகளும் மாற வேண்டாமா? வேண்டும். தனிமனிதப் பழக்கத்தோடு கதையை நிறுத்திக்கொள்வது பெரிய பொறுப்பாளிகளைத் தப்பவிடுவதாகும். ஆனால் இரண்டுக்கும் இடையே பாதை இருக்கிறது. குளோரோஃபுளோரோகார்பன்கள் என்ற வேதிப்பொருள்கள் ஓசோன் படலத்தை அரிக்கக்கூடும் என்று மொலினா, ரோலண்ட் என்ற அறிவியலாளர்கள் 1974-இல் எழுதியபோது, அந்தப் பொருள் வீட்டு அலமாரியில் இருந்த ஸ்பிரே டப்பாவில் இருந்தது. அமெரிக்காவில் சட்டம் வரும் முன்பே பலர் அந்த டப்பாக்களை வாங்குவதை நிறுத்தினார்கள். 1978-இல் அத்தியாவசியமற்ற ஸ்பிரேக்களில் அப்பொருளுக்கு அங்கே தடை வந்தது. 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் குறைந்திருப்பது வெளியானது. 1987-இல் அப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒரு டப்பாவிலிருந்து உலக உடன்படிக்கை வரை பதின்மூன்று ஆண்டுகள்.

மாணவர்களே நடந்த பாதையும் உண்டு. இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2013-இல் மெலாத்தி, இசபெல் வைசன் என்ற சகோதரிகள் பன்னிரண்டு, பத்து வயதில் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். கையெழுத்து வாங்கினார்கள், விமான நிலையத்தில் கையெழுத்து திரட்ட அனுமதி கேட்டு அலைந்தார்கள், ஆளுநரைச் சந்திக்க உண்ணாநோன்பு இருந்தார்கள். தடை நடைமுறைக்கு வந்தது 2019-இல். இடைப்பட்ட அந்த ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிச் செல்லும் கதை எனக்குப் போதாது.

எனவே நடுவர்களாக இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு கதைகளை வாங்கியவுடனே பரிசு அறிவித்துவிடாதீர்கள். பாதி மதிப்பெண்ணை மட்டும் இப்போது கொடுத்து, மூன்று மாதம் கழித்து, இடையில் ஒரு விடுமுறையும் வரும்படி பார்த்துக்கொண்டு, அதே கதையின் அடுத்த பகுதியைக் கேளுங்கள். கன்று பிழைத்ததா, வாஷர் மாறியதா, தொட்டியைக் கிளறுவது இப்போது யார் என்று அதில் இருக்கட்டும். தொட்டியைக் கைவிட்டுவிட்டோம் என்று ஒரு மாணவி எழுதி, ஏன் கைவிட்டோம் என்பதையும் தெளிவாகச் சொல்லியிருந்தால், அவளுடைய மதிப்பெண்ணில் கைவைக்காதீர்கள். நன்றி, வணக்கம்.