அம்மாச்சியின் சோடாப்புட்டிக் கண்ணாடியும் மாமாவின் லென்ஸும்

வணக்கம் நண்பர்களே. எதைக் காட்டினாலும் முதலில் அதன் விலையைச் சொல்வது என் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றும் ஒரு விலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சென்ற வாரம் என் மாமாவுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், முகாம் வழியாக, கட்டணமின்றிக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. "காசு வாங்காமல் செய்வதில் என்ன தரம் இருக்கும்?" என்று உறவினர் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பேச்சை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை இது. அதை வளர்க்கக் குடும்பத்தார் நகைகளை அடகு வைத்தார்கள். பணம் கட்டுவோர் தரும் வருமானத்தில்தான் கட்ட இயலாதவர்களுக்குச் சிகிச்சை நடக்கிறது. இரு பக்கமும் அறுவை செய்வோர் அதே மருத்துவர்கள்தான்.

இப்போது விலைக்கு வருகிறேன். இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன்: இது அம்மாச்சியின் சோடாப்புட்டிக் கண்ணாடி. அந்தக் காலத்தில் புரையை எடுத்த பிறகு கண்ணுக்குள் லென்ஸ் வைக்க ஏழைகளுக்கு வழியில்லை, அதற்குப் பதில் இப்படித் தடித்த கண்ணாடிதான் போட வேண்டும், ஏனெனில் இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலரைத் தாண்டியது. நூறு டாலர்! விரல்நகத்தைவிடச் சிறிய பொருளுக்கு! 1992-ல் அரவிந்த் தொடங்கிய ஆரோலேப், அதே லென்ஸை மதுரையிலேயே தயாரித்து, சுமார் 10 டாலருக்குக் கொண்டுவந்தது. அந்த விலை இறங்கியதால்தான் மாமாவுக்கு இந்தத் தடித்த கண்ணாடி தேவைப்படவில்லை. எனக்கு இதைவிடப் பிடித்த விலைக்குறைப்பு வேறொன்றும் இல்லை.

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும். இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன வெங்கடசாமி, அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். பின்னர் தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, சென்னை என்று கிளைகள் பெருகின. ஒரு மேசையில் அறுவை முடிவதற்குள் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிடுபவர்கள், கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். வேகத்துக்கு அவர்களே காரணம். அவர்களைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

கட்டு அவிழ்த்து வீடு திரும்பிய மாமா, இந்தக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். திருகாணி விழுந்த இடத்தில் கறுப்பு நூல் சுற்றியிருக்கிறது, தெரிகிறதா? "இது நான் போட்ட முடிச்சுடா" என்றார்.