தராசு யார் கையில்?

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம். மலைத்தேன் பற்றிப் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். தேனுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு தராசைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பதினேழு வயதில் மேட்டுப்பாளையத்தில் ஒரு மண்டியில் கணக்கெழுதப் போனேன். நீலகிரிச் சரிவிலிருந்து இருளர்களும் குறும்பர்களும் சீயக்காய், பூந்திக்கொட்டை, கடுக்காய், தேன் என்று தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். எங்கள் தராசில் எடைக்கல் வைக்கும் தட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புளி உருண்டை ஒட்டியிருக்கும். அது போதாதென்று சரக்கில் ஈரம் இருக்கிறது என்று எடையில் குறைத்துக்கொள்ளும் ஈரக்கழிவு வேறு. அதற்கும் மேலே, சீசனுக்கு முன்பு வாங்கிய அரிசிக்கும் உப்புக்கும் சேலைக்கும் நோட்டில் பற்று நிற்கும். அந்த நோட்டை எழுதியவன் நான். ஒரு பாட்டி வரும்போதெல்லாம் கேட்பார்: "கணக்குப்புள்ளே, இன்னும் எவ்வளவுங்க நிக்குது?" நான் நோட்டைப் புரட்டி ஒரு தொகையைச் சொல்வேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. எனக்குப் புளி உருண்டை தெரியும். நான் அங்கே இருந்த இரண்டு வருடமும் அவர் கடன் தீரவில்லை.

அந்தத் தேன் எப்படி வந்தது என்று அப்போது நான் யோசித்ததே இல்லை. மலைத்தேனீ செங்குத்துப் பாறையில் கூடு கட்டும். குறும்பர்கள் காட்டுக்கொடியைத் திரித்து ஏணி கட்டி, இலை தழையை எரித்துப் புகை காட்டி, பாட்டுப் பாடிக்கொண்டே இறங்குவார்கள். மேலே கொடியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தவராக இருப்பார் என்று சொல்வார்கள். தங்கையின் தாலி அவர் கையில் அல்லவா இருக்கிறது! இப்படி உயிரைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்த தேனைத்தான் நாங்கள் புளி ஒட்டிய தராசில் நிறுத்தோம்.

இதில் சட்டத்தின் கதையும் உண்டு. காடுபடு பொருளைச் சேகரிக்கும் உரிமையைக் குத்தகைக்கு ஏலம் விட்ட காலம் ஒன்று இருந்தது. ஏலம் எடுத்தவர் சமவெளிக்காரர், மரம் ஏறியவர் கூலிக்காரர். 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. தேன், மெழுகு, மூங்கில், மூலிகை போன்ற சிறுவன மகசூல் அங்கே வாழ்கிறவர்களின் சொத்து, எடுக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் அவர்களுக்கே உரிமை என்றது. விற்கும் உரிமை காகிதத்தில் வந்தது சரி, விற்க ஓர் இடம் வேண்டுமே!

அந்த இடத்தைத்தான் கோத்தகிரியில் பார்க்கிறேன். ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் 2013-இல் பதிவானது. 1990-களிலிருந்து தேன் எடுப்பவர்களோடு வேலை செய்துவந்த கீஸ்டோன் அறக்கட்டளை இதற்குத் துணை நின்றது. நிறுவனம் மட்டும் அந்த மக்களுடையது. 2021-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு இதற்குக் கிடைத்தபோது, சுமார் 1,700 உறுப்பினர்கள், 147 ஊர்கள் என்று அறிவித்தார்கள். உறுப்பினர்கள் எல்லோரும் பழங்குடியினர்.

உற்பத்தியாளர் நிறுவனம் என்ற சொல்லை வேகமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். 2002-இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த அமைப்பு இது. விளைவிக்கிறவரும் சேகரிக்கிறவரும்தான் பங்கு வாங்க முடியும். பணம் வைத்திருக்கிற யாரோ ஒருவர் வெளியிலிருந்து வந்து பங்கைச் சுருட்டிக்கொண்டு போக முடியாது. பத்துப் பங்கு வைத்திருந்தாலும் தனி ஆளுக்கு ஓட்டு ஒன்றுதான். பழைய மண்டிக்காரனாகச் சொல்கிறேன், எங்களை மாதிரி ஆட்களுக்குக் கதவை அடைக்கத் தெரிந்தவர் யாரோதான் இந்தச் சட்டத்தை எழுதியிருக்க வேண்டும்.

தேன் எடுக்கும் முறையும் இங்கே மாறியிருக்கிறது. மலைத்தேனீயின் அடையில் தேன் மேல்முனையில் தடிப்பாக இருக்கும், தேனீயின் இளம்புழு கீழே இருக்கும். மொத்தத்தையும் அறுத்துக் கையால் பிழிந்தால் புழுவின் சாறும் கலந்து தேன் சீக்கிரம் புளித்துவிடும், கூடும் அழிந்துபோகும். தேன் இருக்கும் பகுதியை மட்டும் அறுத்து, பிழியாமல் வடியவிட்டால் தேன் சுத்தமாக நிற்கும், புழுவும் பிழைக்கும். கூட்டில் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும் என்பது அந்த மக்களின் பழைய வழக்கம்தான். அவசரப்படுத்தி எல்லாவற்றையும் அறுக்க வைத்தது கடன். கையில் நியாயமான காசு விழுந்தால் விட்டுவைக்க மனசு வரும்.

நகரத்து நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாவல் பூக்கிற பருவத்துத் தேன் லேசாகக் கசக்கும். "தேன் கசக்குமா? கலப்படம்" என்று கடையில் திருப்பிக் கொடுக்கிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் ஒரே நிறம், ஒரே ருசி என்று வருகிற பாட்டிலைத்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். காட்டில் பூ மாறும், தேனும் மாறும்.

இந்த மாதிரி நிறுவனங்களைக் கஷ்டப்படுத்துகிற விஷயம் வேறு. மலையில் தேனை இறக்கியவருக்கு அன்றைக்கே காசு வேண்டும். இல்லையென்றால் அவர் பழைய மண்டிக்காரரிடமே போவார், போவதில் தப்பும் கிடையாது, வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. ஆனால் தேன் வருஷத்தில் சில மாதம்தான் வரும், விற்பது வருஷம் முழுக்க. நகரத்துக் கடையோ சரக்கை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்துப் பணம் தரும். நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் வங்கிக் கடன் தேவைப்படுகிறது. காட்டை ஈடு வைக்க முடியாதவர்களுக்கு வங்கி எளிதில் கொடுப்பதில்லை. இங்கே கடை வைத்திருப்பவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பரிசும் பாராட்டும் இருக்கட்டும், பழங்குடியினர் சரக்கு வாங்கினால் சொன்ன தேதியில் பணத்தைக் கொடுங்கள். உங்களிடம் கேட்பது அவ்வளவுதான்.

போன வருஷம் மலைமேல் ஒரு சேகரிப்பு மையத்துக்குப் போயிருந்தேன். மின்தராசின் எண் தெரியும் பக்கம் விற்க வந்தவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நடுத்தர வயது அம்மா ஒருவர் பூந்திக்கொட்டை மூட்டையைத் தூக்கி வைத்தார். "பதினெட்டு நானூறு" என்று தானே சத்தமாகப் படித்தார். அப்புறம் மூட்டையைக் கீழே இறக்கினார். தராசு பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்தார். மறுபடியும் தூக்கி வைத்தார். பதினெட்டு நானூறு. நோட்டு வைத்திருந்த பெண் அவருடைய ஊர்க்காரி, எழுதாமல் காத்திருந்தாள். "ம், எழுது புள்ள" என்றார் அந்த அம்மா.